லைனில் நின்றபடி ஒரு நர்சிங் சீட்

சுங்குவார்சத்திரம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பிளஸ் டூவில் உயிரியல் படித்ததை இன்னும் மறக்காமல் இருக்கிறீர்களா? இந்த அத்தியாயம் உங்களுக்கும், ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ சேர்த்தும்தான். பள்ளி முடித்த கையோடு விண்ணப்பிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருப்பார், வீடு இருக்கும், கையில் போனும் இருக்கும். உங்களுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வாய்க்காது. அதனால் மற்ற வழிகாட்டி நூல்கள் இரண்டு வரியில் தாண்டிப்போகும் இடங்களில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மதிப்பெண் என்றோ அச்சாகிவிட்டது. அதில் கூட்டவோ குறைக்கவோ இனி ஒன்றுமில்லை. இனிமேல் நீங்கள் தவறவிடக்கூடியது தேதியை மட்டும்தான். விண்ணப்பக் கடைசித் தேதி, கல்லூரி வரிசையைப் பதியும் தேதி, கல்லூரியில் போய்ச் சேரும் தேதி என்று மூன்று. இந்த மூன்றையும் காப்பாற்றும் வேலையைத்தான் காத்திருப்பு என்று சொல்கிறோம்.

கீழ்ப்பாக்கத்தில் முடிவாகும் விஷயம்

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு. 2021இல் வந்த புதிய விதிமுறைப்படி எட்டு செமஸ்டர். அரசுக் கல்லூரி இடங்களையும், சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் நிரப்புவது மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு. அலுவலகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கிறது. பழைய பெயர் பூந்தமல்லி நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறிப் பூந்தமல்லி வந்தால் அதே சாலையில் நேராகப் போய்விடலாம். ஆனால் போகவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. விண்ணப்பம், தரவரிசை, கவுன்சலிங் எல்லாமே இணையத்தில்தான்.

அறிவிப்பு பிளஸ் டூ முடிவுகளுக்குப் பின், மே கடைசியிலோ ஜூனிலோ வரும். 'பாராமெடிக்கல் பட்டப்படிப்புகள்' என்ற தலைப்பில் வரும் என்பதால், 'நர்சிங்' என்ற சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு. பி.பார்ம்., பி.பி.டி. (பிசியோதெரபி) போன்ற படிப்புகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். அறிவிப்போடு தகவல் தொகுப்பேடு என்று ஒரு பி.டி.எஃப். வெளியிடுவார்கள். நாற்பது பக்கமானாலும் படித்துவிடுங்கள். இந்த நூலுக்கும் அதற்கும் எங்காவது முரண்பட்டால் அதுவே சரி, நாங்கள் தவறு.

இதை எழுதும் நிலையில் இந்தக் கவுன்சலிங்கில் நர்சிங்குக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம், பொதுவான நுழைவுத் தேர்வுக்கு இடம் வைத்திருக்கிறது. எனவே ஒவ்வோர் ஆண்டும் தொகுப்பேட்டின் முதல் சில பக்கங்களில் 'தகுதி' என்ற பகுதியைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். கணிதம், கணினி அறிவியல் குரூப்பில் உயிரியல் இல்லாமல் படித்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. அதைச் சொல்லாமல் விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் இடங்கள் ஊரில் இருக்கின்றன. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். வேலைக்கு வந்தவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

நீட் கேட்கும் வழிகளும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரும், ராணுவ மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. ராணுவ நர்சிங் திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். எய்ம்ஸ் தனித் தேர்வு நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யின் சேர்க்கை முறை தனி; 1946லேயே பட்டப்படிப்பைத் தொடங்கிய கல்லூரி அது. நீட் மே மாத முதல் ஞாயிறை ஒட்டி நடக்கும், அதற்கான பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஜூனில் யோசிக்கத் தொடங்குபவர் இந்த வழிகளை அடுத்த ஆண்டுக் கணக்கில் வைத்துக்கொள்வதே நல்லது.

200க்கு எவ்வளவு?

ஹாஸ்டலில் யாராவது "உன் கட்-ஆஃப் எவ்ளோ?" என்று கேட்டால் சொல்லவேண்டிய எண் இதுதான். உயிரியல் மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி எடுத்து அதோடு கூட்டுங்கள். உயிரியல் 91, இயற்பியல் 78, வேதியியல் 84 என்றால் 91 + 39 + 42 = 172. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து அதை உயிரியலாகக் கொள்ளுங்கள். தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆங்கிலத்தில் தேர்ச்சி மட்டும் கட்டாயம். 600க்கு எவ்வளவு என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், இங்கே அதற்கு வேலை இல்லை.

இரண்டு பேர் ஒரே 172 எடுத்திருந்தால் முதலில் உயிரியலில் யார் கூடுதல் என்று பார்ப்பார்கள், அடுத்து வேதியியல். அப்படியும் தீராமல் கடைசிப் படிகளுக்குப் போனால் பிறந்த தேதி வரும். வயதில் மூத்தவர் முன்னே நிற்பார். இரண்டு வருடம் லைனில் நின்றதற்குக் கிடைக்கும் ஒரே சலுகை இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் பெயருக்கு நேராக இரண்டு எண் இருக்கும்: பொதுத் தரவரிசை, இனவாரித் தரவரிசை. இதில் குழம்பாதவர் குறைவு. தமிழ்நாட்டில் 31 சதவீத இடங்கள் பொதுப் பிரிவு. அதில் யாரும் போட்டியிடலாம், எம்.பி.சி.யோ எஸ்.சி.யோ ரேங்க் இருந்தால் அங்கேயே இடம் எடுப்பார்கள். மீதி 69 சதவீதம் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, அருந்ததியர் உள்ளிட்ட எஸ்.சி. 18, எஸ்.டி. 1 என்று பிரியும். சாதிச் சான்றிதழைச் சரியாக ஏற்றாவிட்டால் இந்த இரண்டாவது எண்ணே உங்களுக்கு வராது. பொதுப் பிரிவில் மட்டும் நிற்பீர்கள். பொதுத் தரவரிசையில் ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரி அழுது முடிப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் இனவாரி எண்ணைப் பாருங்கள்.

ஒரிஜினல் எங்கே இருக்கிறது?

வேலைக்குச் சேரும்போது உங்கள் ஒரிஜினல் மார்க் ஷீட்டை யார் வாங்கினார்கள்? ஊருக்கே வந்து ஆள் எடுத்த ஏஜென்ட்டா, கான்ட்ராக்டரின் ஆபீஸா, இல்லை ஹாஸ்டல் வார்டனா? "பத்திரமா இருக்கும்மா, போகும்போது வாங்கிக்கோ" என்று சொல்லி வாங்கிவைத்திருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். ஜூலையில் கேட்டால் அந்த ஆள் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார். டி.சி., பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் ஷீட்கள், சாதிச் சான்றிதழ் ஆகியவை அசல் நிலையில் உங்கள் கையில் இருக்க வேண்டும். மார்க் ஷீட் டிஜிலாக்கரிலும் கிடைக்கும். ஆனால் கல்லூரியில் சேரும் நாளில் தாளைத்தான் கேட்பார்கள்.

இடையில் கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு விட்டுவந்திருந்தால் டி.சி. அந்தக் கல்லூரியில் இருக்கும். பள்ளியில் போய்க் கேட்டுப் பயனில்லை. படிப்பில் இடைவெளி ஏன் என்று எழுதித்தரச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று உண்மையை எழுதுங்கள். ஐடி கார்டு நகலும் சம்பளச் சீட்டும் அதற்குப் போதும்.

சான்றிதழ்களை எந்தத் தாலுகாவில் வாங்குவது என்பதுதான் இந்தப் பகுதியில் அதிகம் தடுமாறவைக்கும் கேள்வி. நீங்கள் தங்குவது ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் இருக்கலாம். ஆனால் ரேஷன் கார்டும் ஆதாரும் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று எங்கோ இருக்கும். வருமானச் சான்றிதழ் உங்கள் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தருவதும் அல்ல, குடும்பத்துக்குத் தருவது. எனவே ஊர்த் தாலுகாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். வி.ஏ.ஓ. கூப்பிட்டு விசாரிக்கும்போது ஊரில் ஆள் இருக்க வேண்டும். இந்த வேலையை அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒப்படையுங்கள். ஏப்ரல் மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் தாலுகா ஆபீஸ் வாசலில் மாவட்டமே நிற்கும்.

எவையெவை வேண்டும்? நிரந்தரச் சாதிச் சான்றிதழ் பழையது இருந்தால் போதும், ஆனால் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். வருமானச் சான்றிதழ் காலாவதியாகிவிடும், புதிதாக எடுக்கவும். தமிழ்நாட்டுக்கு வெளியே படித்த வருடங்கள் இருந்தால் இருப்பிடச் சான்று தேவைப்படும். சித்தூர், பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்குப் போன பெற்றோரோடு சில வகுப்புகளை அங்கே படித்த பிள்ளைகள் இதில் சிக்குவார்கள். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா யாருமே பட்டதாரி இல்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் எடுங்கள். கட்டணச் சலுகைக்கு அது வழி. அக்கா ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் உங்களுக்கு இல்லை.

பிறகு இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், சாதிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் என்று மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் சகஜம். விண்ணப்பத்தில் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் உள்ளபடியே, ஒரு புள்ளிகூட மாறாமல் அடியுங்கள். ஆதாரைத் திருத்த நேரம் இருந்தால் அதை மார்க் ஷீட்டுக்குத் தகுந்தபடி திருத்துங்கள்.

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம்

வார விடுமுறையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடிப்பவர்களே அதிகம். தவறில்லை. ஆனால் கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையும் தன் போன் நம்பரையும் போட்டுவிடுவார். ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு அடிப்பவர் அவர். உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யையும் செய்தியையும் அவர் தேடி எடுத்துத் தரமாட்டார். மின்னஞ்சலை முந்தின நாளே நீங்கள் உருவாக்குங்கள். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி ஒரிஜினல் இருக்கும் கவரில் வையுங்கள். போன் தொலைந்தாலும் காகிதம் இருக்கும். போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும், ரீசார்ஜ் தீர்ந்து சிம் முடங்கிவிடாமல் செப்டம்பர், அக்டோபர் வரைக்கும் ஓட்டுங்கள்.

சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டப் பக்கத்தைக் கடைக்காரரிடமிருந்து வாங்கி நீங்களே மெதுவாகப் படியுங்கள். சாதிப் பிரிவு, மூன்று பாட மதிப்பெண், பதிவெண் மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். கடைசியில் வரும் விண்ணப்ப எண்ணோடு உள்ள பி.டி.எஃப்.பை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு எழுந்திருங்கள்.

போன் லாக்கரில் இருக்கும் எட்டு மணி நேரம்

விண்ணப்பம் போனபின் சில வாரங்கள் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு எல்லாம் சேர்ந்து நடக்கும். தரவரிசைப் பட்டியல் வரும். திருத்தம் இருந்தால் சொல்லச் சில நாள் தருவார்கள். கவுன்சலிங் அட்டவணை வரும். கல்லூரிகளை விருப்ப வரிசையில் போட்டு 'லாக்' செய்ய ஒரு குறிப்பிட்ட காலம் தருவார்கள். அது நாட்கணக்கில்தான், மாதக்கணக்கில் அல்ல. அடுத்து ஒதுக்கீடு. ஒதுக்கீட்டு ஆணையை இறக்கிக்கொண்டு கல்லூரியில் நேரில் சேர ஒரு கடைசி நாள்.

எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பலவற்றில் போன் லைனுக்குள் போகாது. கேட்டிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்வரை எட்டு மணி நேரம் நீங்கள் உலகத்தோடு பேசமுடியாது. நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் தூக்கம். அறிவிப்போ காலை பதினொன்றுக்கு வரும், மாலை ஐந்து மணி என்று கடைசி நேரம் போட்டிருக்கும். இதைச் சமாளிக்க முதல் வழி: நீங்கள் இல்லாதபோதும் விண்ணப்பம் நகர வேண்டும்.

அதற்கு ஒரு இரண்டாம் ஆள் வேண்டும். உங்களுக்கு எதிர் ஷிஃப்ட் பார்க்கும் ரூம்மேட்டோ, ஊரில் கல்லூரி படிக்கும் தம்பியோ. லாகின் விவரமும் கல்லூரி வரிசையும் அவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். கவுன்சலிங் நாட்களில் உங்கள் சிம்மை ஒரு பழைய போனில் போட்டு அந்த ஆளிடம் கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. பிரச்சினை தீர்ந்தது. வங்கிக் கணக்கும் அதே நம்பரில் இருக்கிறதே என்று யோசிப்பீர்கள்; நியாயம்தான். அதனால்தான் ரத்த உறவையோ, பல மாதம் ஒரே அறையில் பழகிய ஒருத்தியையோ தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஏஜென்ட்டிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. உங்கள் லாகினை வைத்துக்கொண்டு தனக்குக் கமிஷன் தரும் கல்லூரியை முதல் வரிசையில் போட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது இரண்டாவது வழி. அட்டவணை வந்ததும் லைன் லீடரிடம் ஒரு நாள் முன்னதாகவே பேசுங்கள். "அண்ணா, வெள்ளிக்கிழமை ஒருநாள் பி ஷிஃப்ட் மாத்திக்கிறேன், தங்கச்சிக்கு அட்மிஷன் வேலை" என்று தங்கச்சியைக் காரணம் காட்டுபவர்கள் அதிகம். தாங்கள் போகப்போவது தெரிந்தால் ஓ.டி.யைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

குறுஞ்செய்தி வரும் என்று நம்பி இருக்காதீர்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தேர்வுக்குழுவின் இணையதளத்தைப் பார்த்தால் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் 'இந்த வருட கட்-ஆஃப்' என்று சுற்றும் படங்களை ஒதுக்குங்கள். கடந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற பட்டியல் கிடைத்தால் அது ஓரளவு பயன்படும், ஆனால் அது முன்னறிவிப்பு ஆகாது. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொள்வது உங்கள் இஷ்டம். 'லாக்' பட்டனை மட்டும் நீங்களோ உங்கள் இரண்டாம் ஆளோதான் அழுத்த வேண்டும்.

எதை முதலில் போடுவது?

அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் முதலில் போடுங்கள். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மிக அருகில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியோடு உள்ள நர்சிங் கல்லூரி. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போய்விடலாம். சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை, சேலம், தேனி, சிவகங்கையிலும் அரசு நர்சிங் கல்லூரிகள் உண்டு. "தேனி தூரமாச்சே" என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் ஏற்கெனவே வீட்டை விட்டு வந்து ஹாஸ்டலில் இருப்பவர். தூரம் உங்களுக்குப் புதிதல்ல. அரசுக் கட்டணத்துக்கும் சுயநிதிக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் நான்கு வருடத்துக்கும் சேர்ந்து வரும். பஸ் கட்டணம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வரும்.

சுயநிதிக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே படுக்கையில் நோயாளிகள் இருக்கிறார்களா? நர்சிங் வகுப்பறையில் பாதிதான், மீதி வார்டில். கட்டடமும் பஸ்ஸும் நன்றாக இருந்து வார்டு காலியாக இருக்கும் கல்லூரியில் ஊசி போடக் கற்றுக்கொள்வது பொம்மையில்தான். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் போய் வெளிநோயாளிகள் பகுதியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, தண்டலம் சவீதா போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பஸ்ஸில் தினமும் தாண்டிப்போகிறீர்கள், பெயர் பழகியிருக்கும். அவை இந்தக் கவுன்சலிங்கில் வராது. தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

இந்தப் பகுதி நெடுஞ்சாலை ஓரத்துச் சுவர்களில் 'நர்சிங் – 1 வருடம் – 100% வேலை' என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது நர்சிங் உதவியாளர் சான்றிதழ். அதைப் படித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செவிலியராகப் பதிவுசெய்ய முடியாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த குழுமம் அது. அங்கே பதிவு இல்லாமல் அரசு வேலையும் இல்லை, வெளிநாட்டு வேலையும் இல்லை. எந்தக் கல்லூரி என்றாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் குழுமத்தின் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பெங்களூரு, ஆந்திரக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிப்பவர்கள் ஹாஸ்டல் வாசலுக்கே வருவார்கள். 'இப்போ பத்தாயிரம் கட்டினா சீட் உறுதி' என்பவரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: கல்லூரியின் பெயரில் ரசீது தருவீர்களா?

உங்கள் கம்பெனியிலேயே விவரம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், அதில் நர்சிங் பணியாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையில் கீறல் பட்டுப் பிளாஸ்திரி போடப் போகும்போது அந்த சிஸ்டரிடம் எங்கே படித்தீர்கள், என்ன சம்பளம், நைட் டியூட்டி எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். விளம்பரம் சொல்லாததை அவர் சொல்வார்.

பணம், சுருக்கமாக

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கி, பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் பதிவு. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். மேனேஜர் பத்திரம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் புதிய சீட்டு, தவணை போன், நகைக் கடன் எதிலும் இறங்கவேண்டாம். கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கினால் கிளம்பும் நாளில் அது காலைக் கட்டும்.

முதல் சுற்றில் வராவிட்டால்

சுற்றுகள் தொடரும். முதல் சுற்றில் சுயநிதி இடம் வந்து, அடுத்த சுற்றில் அரசு இடத்துக்கு மாற வாய்ப்பு இருக்குமா, சேர்ந்துவிட்டு விலகினால் கட்டிய பணம் திரும்புமா என்பதெல்லாம் அந்தந்த ஆண்டுத் தொகுப்பேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு வந்தும் குறித்த நாளில் சேராதவருக்கு அந்த இடம் போய்விடும். அதற்கு நைட் ஷிஃப்ட் காரணம் ஆகாது.

டிப்ளமோ நர்சிங்குக்குத் தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம். மூன்று வருடம். முடித்தபின் குழுமத்தில் பதிவு செய்யலாம், பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கலாம். மதிப்பெண் கொஞ்சம் குறைவாக இருப்பவர்கள் இதைக் கௌரவக் குறைவாக நினைத்து ஒதுக்குகிறார்கள். எங்கள் பார்வையில், பெரிய கடனோடு சுமாரான தனியார் பட்டத்தைவிட அரசு டிப்ளமோ மேல். இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதில் நஷ்டம் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கான்ட்ராக்ட் வேலை வெறுத்துப்போய் நர்சிங்குக்கு வருகிறீர்கள். ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் அரசு நர்ஸ்களும் முதலில் தொகுப்பூதிய ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நைட் ஷிஃப்டும் தொடரும். வித்தியாசம் என்னவென்றால், பதிவு எண் உங்கள் பெயரில் இருக்கும். நோக்கியா ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2014 நவம்பரில் மூடியபோது லைனில் கற்ற வேலை பலருக்கு அந்த கேட்டோடு நின்றது. செவிலியர் பதிவை எந்த மருத்துவமனைக்கும் எடுத்துப் போகலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக வெளிநாட்டுக்கும் போகலாம்.

எப்போது ராஜினாமா எழுதுவது?

தரவரிசை நன்றாக வந்ததும் உற்சாகத்தில் வேலையை விட்டுவிடுபவர்கள் உண்டு. வேண்டாம். ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்து, கட்டணம் எவ்வளவு என்று கல்லூரியில் கேட்டு உறுதிசெய்த பிறகு எழுதுங்கள். கல்லூரியில் சேரக் கிடைக்கும் நாட்கள் குறைவு என்பதால் நோட்டீஸ் காலம் முழுதும் பார்க்க முடியாமல் போகலாம். உங்கள் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் எத்தனை நாள், பார்க்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஜூன் மாதமே பார்த்து அந்தத் தொகையை ஒதுக்கிவையுங்கள்.

கிளம்புமுன் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை ஆக்டிவேட் செய்து, ஆதார், வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்தபின் கான்ட்ராக்டரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. கடைசி மாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் கடிதம், ஹாஸ்டல் டெபாசிட் மூன்றையும் ஒரே நாளில் கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரியில் சேரும் நாளுக்கு ஒரிஜினல் கவரோடு ஒவ்வொன்றிலும் ஐந்து நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ பத்து, அரசு மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். கல்லூரி ஒரிஜினலை வாங்கிக்கொண்டால், என்னென்ன வாங்கினார்கள் என்று பட்டியலிட்ட ரசீதை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.